கால்சட்டைக்குச் சலாம் வைத்த அப்துல் கய்யூம்

என் அக்காள் ரஹீமாவைக் கட்டிய அப்துல் கய்யூம் மச்சான் பயப்படாத பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது ரஹீமாவின் சமையல்தான். அதிலும் முதல் கவளத்தை என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் அவர் கை வைப்பார். மலாக்காவின் காஜா பெராங்கில் அவருக்கு ஒரு சின்னத் துணிக்கடை இருந்தது. தென்னை மரத்தடியில் நடக்க மாட்டார், தேங்காய் விழும். சைக்கிளில் ஏற மாட்டார், அவரே விழுவார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். மச்சான் அதை ரோட்டில் தேங்கிய மழைத் தண்ணீருக்கும் கடைப்பிடித்தார். குடைக்கம்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கடையில் வேலை பார்த்து அவர் வீட்டில் சாப்பிட்டவன் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். ஊரே புதிதாகப் பயப்படக் கற்றுக்கொண்டபோது, மச்சான் அந்தப் பாடத்தில் எப்போதோ தேறியிருந்தார். காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கண்டால் குனிய வேண்டும், குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை என்பது உத்தரவு. மச்சான் குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடும். அந்தக் குனிதலைப் பார்த்து அசந்துபோன அதிகாரி ஒருவர், அவர் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி எங்கள் தெருவுக்குத் தலைவராக்கிவிட்டார். தடியெடுத்தவன் தண்டல்காரன் என்பார்கள். எங்கள் தலைவர் தடியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர்.

ஸபர் மாதத்தின் கடைசிப் புதனை நாங்கள் ஒடுக்கத்துப் புதன் என்போம். பலா முசீபத்தெல்லாம், அதாவது ஆபத்தும் கெடுதலும், நீங்கட்டும் என்று மாவிலையில் ஓதி எழுதி, அதைத் தண்ணீரில் கழுவித் தலையில் ஊற்றிக் குளிக்கிற நாள். மலாக்காவில் இருந்துகொண்டு கிணற்றடியில் குளிப்பானேன்? சமைத்துக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கே போய்விடுவோம். சண்டை வந்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது.

"குளிக்காமக் கெடந்ததுனாலதான் இந்தப் பீடையெல்லாம் நம்ம தலையில வந்து ஒக்காந்திருக்கு. நீங்கதானே தலைவரு? போய் பெர்மிட் கேளுங்க" என்றாள் அக்காள்.

மச்சான் போய்க் கேட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அதிகாரி பெர்மிட் கொடுத்தார், கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். கடற்கரையில் எது நடந்தாலும் பொறுப்பு அப்துல் கய்யூமுடையது, ஏதாவது கோளாறு என்றால் அவர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டியதுதான். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை எங்கள் பக்கம் திரும்பி வந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த மச்சான் பாயை விரித்துப் படுத்தார். ரஹீமா பாயைச் சுருட்டித்தான் அவரை எழுப்பினாள்.

உஜோங் பாசிர்க் கடற்கரைக்கு மாட்டு வண்டியில் பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்குச் சட்டியும் ஏற, ஆண்கள் நாங்கள் பின்னால் நடந்தோம். பக்கத்துக் கடை ஜெய்னுலாப்தீன் நானா வந்தார். எங்கள் பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் சிட்டி என்கிற இந்துக்களில் ஒருவரான, தச்சு வேலை பார்க்கும் பிச்சையும் வந்தார். அவருக்கு ஒடுக்கத்துப் புதனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரஹீமாவின் மிளகாய்ச் சம்பாலோடுதான் உறவு.

மச்சான் வழியெல்லாம் சட்டம் போட்டுக்கொண்டே வந்தார். "முட்டிக்கு மேல தண்ணில யாரும் எறங்கக் கூடாது. சத்தமாச் சிரிக்கக் கூடாது. வெள்ளத் துணிய விரிச்சுக் காயப் போடக் கூடாது, ப்ளேனுக்குச் சைகை காட்டுறோம்பான். கடலையே வெறிச்சுப் பாக்கக் கூடாது, எந்தக் கப்பல எதிர்பாக்குறேன்னு கேப்பான்."

"கடலுக்குக் கூட்டிட்டுப் போயிக் கடலப் பாக்காதங்கிறீங்க. கண்ணைக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள் ரஹீமா வண்டிக்குள்ளிருந்து.

பாலத்துக் காவலில் எல்லோரும் இறங்கிக் குனிந்தோம். மாடு மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் கழுத்தையும் பிடித்து அமுக்கப் பார்த்தார் மச்சான். அது அவர் மேல் தும்மியது.

கடற்கரையில் வந்து இறங்கியதும் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை எடுத்து ஆண்கள் எல்லோரையும் இடுப்போடு இடுப்பாக ஒரே வரிசையில் கட்டினார். ஒருவரும் கடலோடு போய்விடக் கூடாதாம். கயிற்றின் முன் முனை தலைவருக்கு. முட்டியளவு தண்ணீரில் நின்று தலை முழுக முடியாதல்லவா, அதனால் எல்லோரும் எருமைகள் மாதிரி உட்கார்ந்தோம். பெண்கள் சற்றுத் தள்ளிக் கரையோரத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தன்னந்தனியாக ஒரு ஜப்பான் சிப்பாய் வந்தான். நாங்கள் கயிற்றோடு எழுந்து குனிந்தோம். அவன் கண்டுகொள்ளவில்லை. சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி, அழகாக மடித்து மணலில் வைத்து, மேலே தொப்பியை வைத்துவிட்டு, கோவணத்தோடு எங்களைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டான்.

இப்போது ஒரு சிக்கல். பெண்கள் சட்டி பானை எடுக்க அந்தத் துணிக் குவியலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆள் அங்கே இல்லை, உடுப்பு இருக்கிறது. மச்சான் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நம்ம மரியாத குடுக்குறது உடுப்புக்குத்தான். தாண்டிப் போறவங்க குனிஞ்சிட்டுப் போங்க."

"கால்சட்டைக்கா சலாம் போடச் சொல்றீங்க?"

"மேல தொப்பி இருக்கு, ரஹீமா."

ரஹீமா குனியவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து மச்சானே கால்சட்டையைப் பார்த்துக் குனிந்தார்.

நாங்கள் மறுபடி தண்ணீரில் உட்கார்ந்தபோது, தூரத்தில் சிப்பாயின் தலை தெரிந்தது. அவன் கையை உயர்த்தி எங்களைப் பார்த்து ஆட்டினான். ஜப்பான்காரன் கையாட்டுகிறான்! மச்சான் "குனிங்க!" என்றார். உட்கார்ந்த இடத்தில் குனிந்ததால் எல்லோர் முகமும் தண்ணீருக்குள் போயிற்று. துப்பிக்கொண்டு நிமிர்ந்தால், அவன் இரண்டு கையையும் ஆட்டினான். "போதலபோல இருக்கு, இன்னும் நல்லாக் குனிங்க" என்றார் மச்சான். இந்தத் தடவை எனக்கு மூக்கு வழியாகவும் ஏறியது.

பிச்சைதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. "லெமாஸ்!" என்று கத்தினார். "டியா லெமாஸ்!"

அவன் முழுகிக்கொண்டிருந்தான். நாங்கள் மரியாதையாகக் குனிந்து குனிந்து அதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

ஜெய்னுலாப்தீன் நானா தாழ்ந்த குரலில் சொன்னார்: "விட்டுருங்க கய்யூமு. ஒண்ணு கொறஞ்சா நல்லதுதானே." முந்தின மாதம்தான் அவருடைய மகனைச் சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அந்த வார்த்தைக்காக அவரை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

மச்சான் எழுந்து கடலுக்குள் நடந்தார். அவர் நடந்தால் கயிற்றில் கட்டிய நாங்களும் நடந்தாக வேண்டுமே! முட்டி போயிற்று, இடுப்பு போயிற்று, நெஞ்சும் போயிற்று. "மச்சான், சட்டம்! உங்க சட்டம்!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மழைக்குழிக்குக் குடைக்கம்பு தேடுகிற மனிதர் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றார். சிப்பாய் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? முதலில் குனிந்தார்! தலை தண்ணீருக்குள் போய் வெளியே வருவதற்குள் சிப்பாய் அவர் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். நாங்கள் கயிற்றை இழுத்தோம். எல்லோரையும்விட மூச்சைப் பிடித்து இழுத்தவர் ஜெய்னுலாப்தீன் நானா.

கரைக்கு வந்ததும் மச்சானுக்கு ஒரே பதற்றம். "வரிசையா நில்லுங்க! ஆள் சரியா இருக்கான்னு பாக்கணும்!" என்று கத்தி எண்ணினார். ஓர் ஆள் கூடுதலாக வந்தது. திரும்ப எண்ணினார், அப்போதும் கூடுதல்தான். வரிசையின் கடைசியில் ஈரக் கோவணத்தோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தான் சிப்பாய். யாராவது வரிசை என்று கத்தினால் போய் நின்றுவிடுகிற பழக்கம் அவனுக்கு.

பிறகுதான் அவனுக்கு உதறல் எடுத்தது. உதட்டில் விரலை வைத்தான். அவர்கள் முகாம் இருந்த பண்டார் ஹிலிர்ப் பக்கம் கையைக் காட்டி, தன் கன்னத்திலேயே பளார் பளார் என்று அறைந்து காட்டினான். சொல்லாமல் குளிக்க வந்திருக்கிறான், மேலாளுக்குத் தெரிந்தால் தோல் உரிந்துவிடும். மச்சானுக்கு அது உடனே புரிந்தது. பயம் என்றால் அவருக்குத் தாய்மொழியாயிற்றே. அவன் குனிந்தான், இவர் குனிந்தார். அவன் மறுபடி குனிந்தான், இவர் விடுவாரா? யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"போதும், கெழங்கு ஆறிப்போவுது" என்று ரஹீமா வந்து பிரித்து வைத்தாள். அவனுக்கும் ஒரு துண்டு கிழங்கைச் சம்பாலோடு கொடுத்தாள். காரம் தாங்காமல் கண்ணீரோடு உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் அதிகாரியிடம் மச்சான், "எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சயாம் தப்பியது. உயிர் பயத்தில்தான் கடலில் இறங்கினார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவன் செத்திருந்தால் கால்சட்டை நம் பக்கம், பெர்மிட் அவர் பேரில், வேறு என்ன செய்வார்?

சில வாரம் கழித்து மச்சான் பாலத்துப் பக்கமிருந்து வீடு வந்தபோது வலது கன்னம் வீங்கி, ஐந்து விரலும் பதிந்திருந்தது. காவலுக்கு நின்றவன் அந்தச் சிப்பாயேதான். பக்கத்தில் அவனுடைய மேலாள். மச்சான் குனியவில்லை என்று அறைந்துவிட்டானாம்.

ரஹீமா கொதித்துப்போனாள். வெந்நீர்த் துணியைக் கன்னத்தில் வைத்து, இருந்த ஆத்திரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். "உசுரக் காப்பாத்துன ஆள அடிச்சிருக்கானே, பாவி!"

"மேலாளு பாத்துட்டு நின்னாம்மா. அடிக்கலன்னா அவனுக்கு விழும்."

"அது கெடக்கட்டும். தொப்பிக்கும் கால்சட்டைக்கும் குனிஞ்சீங்களே, ஆளு முழுசா நிக்கும்போது ஏன் குனியல?"

மச்சான் வீங்கிய வாயோடு சிரித்தார். "அவன் உசுரோட நின்னான், ரஹீமா. பாத்ததும் சந்தோசமாப் போச்சு. சுகமா இருக்கியாடான்னு கேட்டுட்டேன். குனியணும்ங்கிறதே மறந்துபோச்சு."

ரஹீமா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.