பெருங்காய டப்பாவில் சம்பத் சாரின் சீட்டு

சம்பத் சார் போய்விட்டார்.

இன்று காலை. ஸ்ரீரங்கத்தில், தூக்கத்திலேயே.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால்... நான்தான் போன் போட்டேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல் "சார்! ஓடுது சார்! டிக் டிக் நின்னுபோச்சு!" என்று கத்தினேன்.

எடுத்தது அவர் பெண் ரமா. "ஆன்ட்டி... அப்பா காலம்பற போயிட்டார்" என்றாள்.

நான் பொன்மலையில் என் வீட்டு மேஜை முன்னால், கையில் சால்டரிங் அயர்னோடு. எதிரே திரையில் பச்சைக் கோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்க மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்காக... சம்பத் சாரும் நானும் ஒரு காலேஜின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேஜை, தினம் ஒரு சண்டை.

அந்த லேபில் ஒரு பழைய ஆசிலோஸ்கோப். மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டுகிற மெஷின், அரிசி மூட்டை கனம். காலேஜ் அதைக் கழித்துக்கட்டியபோது நாங்கள் இருவரும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ரிடையர் ஆன பிறகு அது ஆறு மாசம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும், ஆறு மாசம் பொன்மலையில். காவிரிப் பாலத்தில் ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து போகும்!

அதற்கு வருகிற வியாதி எல்லாம் பவர் சப்ளையில்தான், அதாவது உள்ளே மற்ற போர்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியில். சப்ளை படுத்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்னால் என்ன கோளாறு என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, மடித்து, காலிப் பெருங்காய டப்பாவில் போட வேண்டும். கோளாறு கிடைத்ததும் சேர்ந்து பிரிப்போம்.

தப்பாக எழுதியவர் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, ஸ்கோப் மூடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். சம்பத் சார் போட்ட ரூல்.

இன்றைக்கு மூடியைக் கழற்றினாலும் லீலா, லீலா, லீலா என்று வரிசையாக என் கையெழுத்துதான். நேற்று வரை பதினோரு சீட்டு. அவருடையது ஒன்றுகூடக் கிடையாது!

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு முறை மாட்டினார். தெருவில் பஜனைக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது என்று அவரிடம் கொண்டுவந்தார்கள். ஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், கோடு நெளிந்தது. ஆம்ப்ளிஃபயரில் மூன்று கெப்பாசிட்டரை மாற்றினார். அப்போதும் நெளிந்தது.

நான் போய் ஸ்கோப்பின் ப்ரோபை, அந்தத் தொட்டுப் பார்க்கிற கம்பியை, ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்து அதன் சொந்த கிரவுண்டிலேயே, கோடு நேராக நிற்க வேண்டிய இடத்தில், வைத்துக் காட்டினேன். அப்போதும் நெளிந்தது!

ஆம்ப்ளிஃபயர் எப்போதோ சரியாகிவிட்டது, நெளிந்தது ஸ்கோப்பின் சொந்த சப்ளை. காய்ச்சல்காரர் கையை வைத்து அடுத்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கதைதான்.

"கையெழுத்துப் போடுங்க சார்" என்று பேனாவை நீட்டினேன். "சீட்டு எழுதலையேம்மா லீலா. எழுதாதது எப்படிக் கணக்குல வரும்?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு... அன்றைக்கு நான் காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்று வாரம் முன்னால் ஸ்கோப் மறுபடி படுத்தது. திரை இருட்டு. உள்ளே டிக்... டிக்... டிக்... என்று சத்தம் மட்டும். எங்கோ ஷார்ட், சப்ளை கிளம்பப் பார்த்துப் பார்த்து நின்றுவிடுகிறது என்று அர்த்தம்.

சார் பஸ் பிடித்து வந்தார். காதை வைத்துக் கேட்டார். நான் என் சீட்டைப் போட்டதும், அவரும் எனக்குத் தெரியாமல் கையால் மறைத்து எழுதி, டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்.

நான் சப்ளையில் இருந்த ஃபில்டர் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். டிக் டிக். தினம் சாயங்காலம் போன் வரும், "என்னம்மா, சீட்டைப் பிரிச்சுடலாமா?" பிடிவாதமாக மாட்டேன் என்றேன்.

இன்று காலைதான் புத்தி வந்தது. சப்ளையை விட்டுவிட்டு, அதிலிருந்து கரண்ட் வாங்குகிற போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவது போர்டைக் கழற்றியதும் சத்தம் நின்றது!

அந்த போர்டில் குன்றிமணி அளவு ஒரு டான்டலம் கெப்பாசிட்டர், முழு ஷார்ட். புதிதாக ஒன்று வைத்தேன். பச்சைக் கோடு! நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் குதியோடுதான் போன் போட்டேன்...

டப்பாவை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். இருவரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் இல்லையா. அவர் காலடியில் உட்கார்ந்து, பிரிக்கச் சொல்லி ரமாவிடம் கொடுத்தேன்.

என் சீட்டு: "ஃபில்டர் கெப்பாசிட்டர்." தப்பு.

அவர் சீட்டு: "ரெக்டிஃபயர் டையோடு ஷார்ட். சந்தேகமே வேண்டாம்."

தப்பு! சம்பத் சார் தப்பு! அந்த டையோடும் சப்ளையில் இருப்பதுதான், சப்ளையில் ஒரு கோளாறும் இல்லையே!

"அப்பாவா? தப்பா?" என்றாள் ரமா. அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நானும்தான். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்... பார்க்கட்டும்.

இத்தனை வருஷம் இதற்குத்தான் காத்திருந்தேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல முடியவில்லை. அதான் இங்கே உங்களிடம் எழுதிக் கத்துகிறேன்.

வீட்டுக்கு வந்து என் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டேன். பன்னிரண்டாவது.

அவர் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து இல்லாமல் ஒட்டக் கூடாது. டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டேன்.

இந்தத் தடவையும் தப்பிச்சிட்டீங்க சார்.

போயிட்டு வாங்க.