அம்மா கையில் கொடுத்த ரிலே

எங்கள் வீட்டில் காரின் சாவி அப்பாவிடம் இருக்கும். கார் ஓடுவதும் ஓடாததும் அம்மாவிடம் இருக்கும். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. விளக்கித்தான் ஆக வேண்டும்.

அது ஒரு பழைய வெளிநாட்டுக் கார். அப்பா வெகுகாலம் டிரைவராக இருந்த வீட்டின் முதலாளி, பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய் இருந்துவிட முடிவு செய்தபோது, அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராமல் அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். கிரீம் நிறம், நீண்ட மூக்கு. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. கல்யாணப் பெண்ணை அழைத்துவர அதைக் கேட்டு வருவார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் புது ஜோடிகளை அதன்மேல் சாய்த்து நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். எங்கள் சோறு அந்தக் காரில்தான் வந்தது.

தெருவில் நிற்கும் காரை யாராவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்துக்கு அப்பா கண்டுபிடித்த மருந்துதான் ரிலே. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மூடியைக் கழற்றினால் தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒன்று ஹாரனுக்கு, ஒன்று விளக்குக்கு, ஒன்று வைப்பருக்கு. ஓரத்தில் இருப்பது பெட்ரோல் பம்புக்கு. அதைப் பிடுங்கிவிட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. எந்தச் சாவி போட்டாலும் கார் கிளம்பாது. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அப்பா அதைப் பிடுங்கி அம்மா கையில் கொடுப்பார். அம்மா அதை ஊசி நூல் டப்பாவில் போட்டு வைப்பாள். காலையில் டீயோடு ரிலேயும் வரும்.

அப்பாவுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பித் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

"சாவிலேர்ந்து வர்றது சின்ன கரண்டு. பம்ப சுத்தவைக்கிற தெம்பு அதுக்குக் கெடையாது. அது இன்னா பண்ணும்? இந்தச் சுருளாண்ட போவும். சுருளு காந்தமாயிடும். காந்தம் இந்தத் தகட்ட இழுக்கும். டிக்குனு சத்தம் வரும். தகடு போய் அந்தப் புள்ளிய தொட்டுதா, பேட்டரிலேர்ந்து பெரிய கரண்டு குபுகுபுன்னு பாயும்."

நான் வாயைப் பிளந்து கேட்பேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "ம்" என்பாள். அவள் கேட்கவில்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு மட்டும் ஒரு கவலை ஒட்டிக்கொண்டது. தகடு ஒருநாள் அந்தப் புள்ளியைத் தொடாமல் போய்விட்டால்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் பயம் மட்டும் இன்றுவரை ஒருநாள் விடுப்பு எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா எங்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது. பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். கை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விறைத்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. கார் தானாக ரோட்டை விட்டு இறங்கியது. பக்கத்தில் இருந்த அம்மா பாய்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். ஒரு மண்மேட்டில் முட்டி என்ஜின் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா விழித்து, ஏன் நிற்கிறோம் என்று எங்களையே கேட்டார். பிறகு, தூக்கம் என்றார்.

வீட்டில் சண்டை வந்தது.

"டாக்டராண்ட வா. ஒரு தபாவாவது காட்டு," என்றாள் அம்மா.

"காட்னா வண்டிய ஓட்டாதன்னுவான். லைசன்ஸயும் புடுங்கிடுவாங்க. அப்பால நான் இன்னாத்துக்கு உசுரோட இருக்கணும்?"

"நாங்க உசுரோட இருக்க வேணாமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றி, மாமல்லபுரத்தில் கடலோர மண்டபத்தில் கொண்டுபோய் இறக்க ஒப்புக்கொண்டிருந்தார். போயே தீருவேன் என்றார். அம்மா அதற்குமேல் வாயே திறக்கவில்லை. சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கார் கிளம்பவில்லை.

அப்பா சாவியைத் திருப்பினார். டிக் என்று சத்தம் வந்தது. அதற்குப் பின் பின்பக்கத்திலிருந்து ரீங்காரம் போல ஒரு ஓசை வர வேண்டும்; பம்பு சுற்றும் ஓசை. வரவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி டிக். மற்ற ரிலேக்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவற்றின் பித்தளைக் கால்களில் உப்புத்தாளைத் தேய்த்தார், ஊதினார், செருகினார். ஹாரன் அடித்தது, வைப்பர் ஆடியது, பம்பு மட்டும் ஊமையாக இருந்தது. அம்மா கொடுத்த ரிலேயை அவர் தொடவே இல்லை. அதுதான் ஒழுங்காகச் சத்தம் போடுகிறதே.

நான் வாசலுக்கும் காருக்கும் நடையாய் நடந்தேன். பெண் வீட்டார் திட்டுவார்கள். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பா இன்னாத்துக்கு உயிரோடு இருக்கணும் என்று சொன்னாரே, அது வேறு. அம்மா கதவோரம் நின்றுகொண்டு ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காரும் ஓட்டுவார், லைசன்சும் உண்டு. ஆனால் ஆளை அமுக்கி ஏற்றுகிற கை என்று சொல்லி அப்பா அவரை இந்தக் காரின் கதவைக்கூடத் தொட விட்டதில்லை. மாமா காரை மகாராணி என்றுதான் சொல்வார்.

"இன்னா மாமா, மகாராணி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீது? பொண்ணு அங்க பட்டுப்பொடவ கட்டிகினு குந்திகினு இருக்கும். ஆட்டோல வேணா ஏத்திகினு போவட்டா? இன்னும் நாலு பேர ஓரமா சொருவிக்கலாம்."

"வாய மூட்றா. பம்பு சுத்தல."

"ரிலே பாத்தியா?"

"சத்தம் வருதுடா. நல்லாத்தான் கீது."

"சத்தம் வந்தா நல்லதா? எங்கூட்ல கூடத்தான் சத்தம் வருது." மாமா குனிந்து ஓரத்து ரிலேயைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஒயர்த் துண்டை எடுத்து, ரிலே இருந்த ஓட்டைகளில் இரண்டை அதனால் இணைத்தார். பின்பக்கத்தில் பம்பு ரீங்காரமிட்டது. அப்பா சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் குதித்தேன். தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அம்மா குனிந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"ரிலேதான் பூட்ச்சி மாமா. சாயங்காலம் வேற வாங்கிக்கலாம். நீ ஓட்டிகினு போ. நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்று மாமா தெருமுனைக்குப் போனார்.

அப்பா என்ஜினை அணைத்தார். நேராக ஒயர் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. கார் எங்காவது மோதினாலும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பார். ரிலேயைக் கையில் எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பினார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினேன்.

தகட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு இருந்தது. சின்னதாக, ஒழுங்காக மடித்த கறுப்புக் காகிதம். ஊசி பாக்கெட்டின் உள்ளே வருமே, அது. காந்தம் இழுக்கும், தகடு அசையும், டிக் என்று கேட்கும். ஆனால் தகடு புள்ளியைத் தொட முடியாது.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஊசி டப்பாவில் கிடந்தபோது எப்படியோ உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு இறுக்கமான மூடிக்குள் காகிதம் தானாக எப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"எட்த்துடுப்பா, சரியாயிடும்," என்றேன்.

அப்பா எடுக்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அவரையே பார்த்தாள். அப்பா காகிதத்தை உள்ளேயே வைத்து மூடியை அழுத்தினார். எழுந்து போய் அம்மாவின் கையில் ரிலேயை வைத்தார்.

"இத நீயே வச்சிக்க. நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவலாம்."

நாளைக்கு ஆசுபத்திரியா? எனக்குப் பகீரென்றது. அம்மாவுக்கு ஏதோ வியாதி, அதனால்தான் அழுகிறாள், அதனால்தான் தட்டு கைநழுவி விழுந்தது என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

மாமா டீ குடித்துவிட்டு வந்ததும் அப்பா சாவியை அவரிடம் நீட்டினார்.

"நானா?" மாமாவுக்கு விளையாட்டே மறந்துபோனது. "நெசமாவா மாமா? நீ?"

"நான் பக்கத்துல குந்திக்கிறேன். மெதுவா போ. ஆட்டோ இல்ல இது."

நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை எனக்கு இரண்டு கவலை. ஒன்று அம்மாவின் வியாதி. இன்னொன்று அந்த ஒயர். அது சூடாகிப் புகையுமோ என்று முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை வரவில்லை. மாமா நன்றாகத்தான் ஓட்டினார். லாரி எதிரே வரும்போதும், மாடு குறுக்கே வரும்போதும், வளைவு திரும்பும்போதும் இடது பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது.

"அந்தப் பக்கம் பிரேக்கே இல்லியேப்பா," என்று சொல்லிச் சிரித்தேன்.

மாமா சிரிக்கவில்லை. இவர்கள் ஏன் இப்படி உம்மென்று வருகிறார்கள், கார்தான் ஓடுகிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.