ஜெர்மன்காரரின் கடைசிப் பக்கம்

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவனுக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் கிடைக்கும் முதல் மரியாதை, "அப்படியே எங்க ஆர்மோனியத்தையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்பதுதான். ரேடியோ ரிப்பேர் செய்பவர்களே, சுவர்க்கடிகாரம் பார்ப்பவர்களே, உங்களுக்கும் இது பழகிய கதையாகத்தான் இருக்கும்.

சுருதி சேர்த்து முடித்ததும் எல்லாக் கட்டையும் பேசுகிறதா என்று பார்க்க எதையாவது வாசித்தாக வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பாதிரியாரிடம், நூறு வருஷத்துக்கு முன்னால் காதலும் கண்ணீருமாக வாழ்ந்த ஒரு ஜெர்மன் இசைக்காரரின் புத்தகங்கள் இருந்தன. ஊர் திரும்பும்போது, உலகமே வாசிக்கிற உருப்படிகளையெல்லாம் அவர் கப்பலில் ஏற்றிக்கொண்டார். யாருமே வாசிக்காத பதினாலு குட்டி உருப்படிகளை என் தலையில் கட்டினார். ஒன்று தொட்டில் மாதிரி ஆடும். ஒன்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகும். எனக்கு அந்தப் பதினாலின் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

பைண்டர் மாணிக்கம்

என் கைக்கு வந்தபோது புத்தகத்துக்கு அட்டையே இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே கீழவாசல் மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டேன். பகலில் பைண்டிங், தேர்தல் வந்தால் கட்சிக்குச் சுவரொட்டி. இரண்டுக்கும் ஒரே வாளி, ஒரே மைதாப் பசை. மீந்துபோன பொதுக்கூட்டச் சுவரொட்டியையே மேலுறையாகப் போட்டுக் கல்லு மாதிரி அட்டை கட்டித் தந்தார். ஜெர்மன்காரர் கறுப்பு சிவப்பில் ஜம்மென்று இருந்தார்.

பதினாலாவது உருப்படிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அதற்கு முடிவே இல்லை. கடைசிப் பக்கத்தைக் காணோம். ரசம் சாதம் பிசையும்போது இலையை எடுத்தது போலிருந்தது எனக்கு. மெட்ராஸ் கடைக்குக் கடிதம் போட்டேன். அவருடைய பிரபலமானவை எல்லாம் இருக்கின்றன, இதைக் கேட்டு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் என்று பதில் வந்தது. மாணிக்கத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பசை வாளியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "அட்டைக்கு நான் கேரண்டி. உள்ள இருக்கற சரக்குக்கு அந்த ஜெர்மன்காரரத்தான் கேக்கணும்."

அதிராம்பட்டினத்துக் காது

வேறு வழியில்லாமல் நானே முடிவு கட்ட ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் இடி முழக்கம், ஒரு வீட்டில் மாதாகோயில் ஆமென். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. யாரும் கவனிக்கவில்லை. கேட்பவர்கள் எல்லாம் சத்தம் நின்றால் சரி என்ற மனநிலையில் இருப்பவர்கள்தானே.

அதிராம்பட்டினத்தில் ஒரு மரைக்காயர் இருந்தார். பினாங்கில் வியாபாரம் செய்து, திரும்பும்போது பியானோவோடு வந்தவர். உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும், அதனால் வருஷத்துக்கு மூன்று தடவை போவேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கண்ணை மூடி முழுசாகக் கேட்பார். ஒரு நாள் பதினாலாவதை முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "தம்பி, கதைய அவருதான் சொல்றாரு. முடிக்கிறப்ப மட்டும் ஒங்க கொரலு கேக்குதே?"

வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன், அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் சாகக் கூடாது.

நன்னிலத்து ஊமைக் கட்டைகள்

நன்னிலம் பக்கத்தில் ஒரு மிராசுதார் வீடு. அவர் அப்பா, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிப் போட்ட பியானோ. அடித்தொண்டைக் கட்டைகள் நாலைந்து பேசவே இல்லை. தட்டினால் 'டொப்' என்கிறது. எலி என்று நினைத்துக் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். தந்தியோடு தந்தியாக ஒரு மஞ்சள் துணி மூட்டை நெருக்கித் திணித்திருந்தது. உள்ளே பத்திரங்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம். சட்டத்துக்கு மேற்பட்ட நிலம் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கம் நடந்த இடம் இந்தப் பியானோ.

பலகையை அவசரமாக மூடினேன். காட்டிக்கொடுக்கவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். மிராசுதார் மட்டும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மேல்பக்கத்துக்கு மட்டும் சுருதி சேருங்க. கீழ்ப்பக்கம் சட்டம் ஓயறவரைக்கும் பேசாம இருக்கட்டும்."

நாற்று பறிக்கிற கை

அடுத்த தை மாதம் அதே வீட்டுக்குப் போனேன். கூலித் தகராறு. அறுத்த கட்டுகள் களத்தில் கிடந்தன, போரடிக்க ஆளில்லை. சிவப்புக் கொடியை நட்டுவிட்டு எல்லோரும் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொடியைப் பார்த்த நான் வரப்பைப் பார்க்காமல் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். அவர்களே ஓடி வந்து தூக்கினார்கள். என்னைப் பற்றிக் கவலையில்லை, புத்தகம் தொப்பலாக நனைந்துவிட்டது என்று ஒரு பெரிய மனுஷன் அழக்கூடிய அளவுக்கு அழுதேன்.

பாக்கியம் என்ற அம்மாள் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கோலில் விரித்தார். களத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் வாய். ஊறிய அட்டையில் சுவரொட்டி தானாகப் பிரிந்தது. அதன் அடியில், அட்டையோடு ஒட்டி, ஐந்து கோடும் புள்ளிகளுமாக ஒரு தாள்! மாணிக்கம் கடைசிப் பக்கத்தையே அட்டைக்கு உள்தாளாக ஒட்டியிருக்கிறார். நான் பாய்ந்து இழுக்கப் போனேன். பாக்கியம் என் கையைத் தட்டிவிட்டார். கட்டைவிரலை ஓரத்தில் நுழைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு கிழிசல் இல்லாமல் எடுத்துத் தந்தார்.

"நாத்துல வேரு அறாம பிரிக்கிற கைங்க இது. இதென்ன, தாளுதானே!"

தாசில்தார் முன்னிலையில்

பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் வந்திருந்தார். கூடத்தில் ஒரு பக்கம் மிராசுதார், எதிரே பாக்கியமும் இன்னும் நாலு பேரும். பேச்சு சூடாகும் முன் ஏதாவது வாசியுங்கள் என்றார் தாசில்தார். "நான் பிரிச்ச தாள வாசிங்க" என்றார் பாக்கியம். அந்தப் பக்கத்தை நான் முன்னாடியே படித்துப் பார்க்கவில்லை. விரலால்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஆசை.

ஈரத் தாளை நிறுத்தி வாசித்தேன். இடியும் இல்லை, ஆமெனும் இல்லை. இசை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எனக்குக் கண் நிறைந்தது. கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே ஒரு சுரம். அழுத்தினேன்.

டொப்.

தாசில்தார் நிமிர்ந்தார். வீட்டில் ஆர்மோனியம் வாசிப்பவராம். "அது ஏன் பேசல? பலகையக் கழட்டிப் பாருங்களேன்" என்றார். நான் மிராசுதாரைப் பார்த்தேன். அவர் வேர்வையைத் துடைத்தபடி எழுந்தார். "பொட்டி கெடக்குது சார். மொதல்ல இவங்க விஷயத்த முடிப்போம். அவங்க கேட்ட கூலிக்கே ஒத்துக்கறேன்" என்று காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். களத்தில் எழுந்த குலவையில் காக்கை எல்லாம் பறந்தது. தாசில்தார் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். பாக்கியம் வாசலில் திரும்பி, பியானோவையும் மிராசுதாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, கூலிக்கு ஒத்துக்கிட்டது நீங்களா, இந்தப் பொட்டியா?"

மீண்டும் அதிராம்பட்டினம்

மறுநாள் முதல் பஸ்ஸில் மரைக்காயர் வீட்டுக்கு ஓடினேன். சுருதி சேர்க்கக்கூட இல்லை. நேரே பதினாலாவது. அவர் வழக்கம்போல் கண்ணை மூடினார். கடைசிச் சுரம் அடித்தொண்டையில் நின்று, கூடம் முழுக்க நிறைந்து, அது அடங்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "இப்பத்தான் தம்பி அவரே முடிச்சாரு."

ஒன்பது வருஷமாக நான் தேடிய முடிவு ஒரே ஒரு சுரம்தான், நன்னிலத்தில் அதன் மேலேயும் ஒரு மிராசுதார் உட்கார்ந்திருந்தார்.