கடைசியில் போகும் சிவப்புக் கார்

சேறும் உப்பும் பிடித்த என் தையல் மெசினைக் கழற்றி, அதன் துண்டுகளைத் தன் காரின் துண்டுகளோடு சேர்த்து ஒரே மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் ஊறப் போட்டார் மீராசா காக்கா. என் முகத்தைப் பாராமலே சொன்னார்: “இது என்ட தேவைக்குத்தான் தங்கச்சி. காருக்கு ஹூட் இல்ல. தச்சித் தர உங்கள விட்டா ஆரு இரிக்கா?”

சுனாமி வந்துபோன கையோடு நடந்த கதை இது. சாய்ந்தமருதில் தையல்காரர் இல்லாமலா போனார்கள்? பிரதான வீதியில் புது மெசின் வைத்திருந்தவர்களே இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மெசின் ஓடத் தொடங்கியதும் முதலில் அந்த ஹூட்டைத்தான் தைத்தேன். காருக்கு மேலே கூரையாக விரிக்கிற தடித்த கன்வஸ் துணி. ஊசி முறிந்து முறிந்து போனது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடச் சட்டை தைக்க ஆட்கள் வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அன்றிலிருந்து அடுப்பு எரிகிறது.

ஆனால் அந்த ஹூட்டை அவர் ஒரு நாளும் விரித்து நான் காணவில்லை. மழை பெய்தால் நனைவார். வெயில் அடித்தால் தொப்பியைத் தண்ணீரில் முக்கிப் போட்டுக்கொள்வார். ஒருநாள் கேட்டே விட்டேன்: “பிழையாத் தச்சிட்டனா காக்கா?”

“சே, தையல் நல்லாத்தான் இரிக்கி. விரிச்சா பின்னுக்கு மறைக்கிது.”

அவருக்குச் சைக்கிள் கடை. டயருக்குக் காற்றடிக்கும்போதும் வாய் கதைத்துக்கொண்டே இருக்கும். பிளேன்டீயில் சீனி போடமாட்டார். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்பார். சைக்கிள் கடைக்காரருக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த பந்தயக் கார் எப்படி வந்தது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு இவருடைய வாப்பா சாரதி. துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சிவப்புக் கார் அது. மீராசா காக்காவின் மனைவி பல்கீஸ் ராத்தா என்னிடம் சொல்லுவா: “என்னக் கட்டினதே அந்தக் காருக்குத் துடைக்கிற சீலை தோய்க்கத்தான்.” அவர் கேட்காதவர் போல பம்பை அடிப்பார்.

பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் கரையில் நாலு பேர். காரைதீவுக் கனகரெத்தினம் அண்ணனிடம் ஒரு பச்சைக் கார். அரிசி மில் றஸாக் ஹாஜியாரிடமும் ஒலுவில் பளீல் மாஸ்டரிடமும் ஒவ்வொன்று. இவர்கள் சேர்ந்து ஒரு கிளப். சித்திரை மாதம் நுவரெலியாப் பக்கம் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்குப் போவதுதான் கிளப்பின் வேலை. ஆனால் எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது? மேசை போலக் கிடக்கிற கரை. குளக்கட்டுக்கு ஏறும் சரிவில்தான் நாலு காரும் ஏறி இறங்கிப் பழகும். நெல் வெட்டுக்கு வந்தவர்கள் அரிவாளோடு நின்று கேட்பார்கள், “என்ன ஹாஜியார், மலை எவ்வளவு தூரம் ஏறிட்டு?” என்று.

பழகும்போதும் பயணம் போகும்போதும் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மீராசா காக்காவின் கார்தான் கடைசி. அவர் காரில் பின்னால் பார்க்கும் கண்ணாடி மூன்று. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் லொறிக் கண்ணாடி ஒன்று. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் கடைசிச் செருப்பும் அவருடையதுதான். ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

சுனாமி அன்று அந்த இரண்டு ஆள் காரில் ஏழு பேர் ஏறினார்கள். பிள்ளைகள் மடியிலும் இஞ்சின் மூடியிலும். அவருடைய தம்பி மசூருக்கு இடமில்லை. மசூர் காரின் பின்பக்கத்தில் இரண்டு தரம் தட்டி, “நீங்க முன்னால போங்க காக்கா, நான் பின்னால வாறன்” என்றாராம். பிரதான வீதியில் தண்ணீர் காரை எட்டிப் பிடித்தது. ஏறியிருந்த எல்லாரும் இறங்கி ஓடி ஒரு மாடி வீட்டில் ஏறித் தப்பினார்கள். காரைப் பிறகு வயலுக்குள் சேற்றில் கண்டெடுத்தார்கள். மசூர் வரவில்லை. அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும்.

யுத்த காலத்தில் நாலு திறந்த கார்களைக் கொண்டு மலைக்குப் போக நினைக்கவும் முடியாது. சாய்ந்தமருதில் இருந்து காரைதீவுக்கு, ஒரு கூப்பிடு தூரம், அதற்கே யோசித்துப் போன காலம். யுத்தம் முடிந்த அடுத்த சித்திரையில்தான் கிளப் முதன்முதலாக மலைக்குப் போனது. பெண்கள் நாங்கள் சமையல் சாமானோடு வான் வண்டியில் போனோம். பதுளைக்கு ஏறும்போதே எல்லாருக்கும் குளிர். மனிதனுக்கே இப்படி என்றால் இஞ்சின் என்ன பாடுபடும் என்று மீராசா காக்காவுக்குக் கவலை பிடித்தது. பால்மாப் பெட்டிகளை வெட்டி, நாலு காருக்கும் முன்பக்கத்தில் காற்றுப் புகாமல் அட்டை கட்டினார். குழந்தைக்குக் குல்லாய் போடுவது போல இழுத்து இழுத்துக் கட்டினார். கடற்கரை ஆட்கள் நாலு பேருக்கும் அது சரியாகவே பட்டது.

பந்தயத்தில் ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள். யார் முதல், யார் பிறகு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மீராசா காக்காவுக்குப் பிறகு கனகரெத்தினம் அண்ணன் என்று விழுந்தது. தன்னைக் கடைசிக்கு மாற்றித் தரச் சொல்லி மீராசா காக்கா கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். கனகரெத்தினம் அண்ணன் ஒன்றும் நினையாமல் அவர் முதுகில் தட்டினார்: “நீ முன்னால போ மச்சான், நான் பின்னால வாறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அண்ணனுக்கு உறைத்ததாம். அதற்குள் கொடி விழுந்துவிட்டது.

நாங்கள் மேலே, முடிவுக் கோட்டுக்கு அங்கால் நின்றோம். சிவப்புக் கார் வந்து சேர்ந்தது. அதன் முன்பக்கத்து அட்டையைக் காணோம். இரண்டாவது வளைவில் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. “நான் கட்டின கட்டே அவிழ்ந்திட்டு” என்று முணுமுணுத்தபடி இறங்கி, திரும்பி நின்று வீதியைப் பார்த்தார். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பச்சைக் காரை விட்ட சத்தம் கேட்டது. ஏறி ஏறி வந்தது. பிறகு கேட்கவில்லை.

பல்கீஸ் ராத்தா என் கையைப் பிடித்தா. நான் ஓதத் தொடங்கினேன். கொடி பிடித்து நின்றவர்கள் அடுத்த காரை விடாமல் நிறுத்தினார்கள். வெள்ளையாக எதுவோ மரங்களுக்கு மேலே எழும்பியது. பனியா, புகையா என்று தெரியவில்லை. மீராசா காக்கா பந்தய வீதியிலேயே கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார். விசில் ஊதினார்கள். சிங்களத்தில் ஏசினார்கள். “என்ட ஆள் ஒண்டு கீழ நிக்கிது” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு ஓடினார். ஐம்பது கடந்த மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கனகரெத்தினம் அண்ணன் சொல்லக் கேட்கவேண்டும். காற்றுப் போக வழியில்லாமல் இஞ்சின் கொதித்துக் கடைசி வளைவில் நின்றுவிட்டது. அவர் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பயந்து, ஓரத்துக் கல்லில் இருந்து, நான் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். பனிக்குள் இருந்து மீராசா காக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வெளிப்பட்டார்.

“ஏன்டா வரல்ல?”

“வந்துகொண்டுதான் இருந்தனான். நீ கட்டின அட்டை விடல்ல.”

“சத்தமாவது போட்டிரிக்கலாமே.”

“மலைக்கிட்டச் சத்தம் போட்டு என்ன பிரியோசனம்? இந்தா, தேத்தண்ணி குடி. ஏன் என்ட தோளப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“குளிர்.”

“ஓம், குளிர்தான்.”

அண்ணன் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிடுவார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை மீராசா அவருடைய தோளை விடவில்லையாம்.

இருவரும் பச்சைக் காரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். கூட வந்த கொடிக்காரரும் ஏசியபடியே ஒரு கை கொடுத்தார். இரண்டு காரையும் பந்தயக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த சனம் கை தட்டியது. றஸாக் ஹாஜியார் மட்டும், “இந்த அட்டை யோசனை ஆர்ட மூளை?” என்று தெரியாதவர் போலக் கேட்டார்.

அஸர் நேரம் வந்தது. புல்லெல்லாம் ஈரம். தொழ இடம் தேடி மீராசா காக்கா அங்குமிங்கும் பார்த்தார். கனகரெத்தினம் அண்ணன் தன் காரின் முன்பக்கத்தில் இருந்த அட்டையை அவிழ்த்து, சாரத்தில் துடைத்து, புல்லில் விரித்தார். “இந்தா, இதுக்காவது உதவட்டும்” என்றார். அன்று மீராசா காக்கா அதில் நெற்றி வைத்த சுஜூதில் இருந்து எழும்ப வெகுநேரம் ஆனது. அண்ணன் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகும் மூன்று கண்ணாடியும் இருந்தன. ஊருக்குத் திரும்பும்போதும் அவர்தான் கடைசி.

இந்த வருஷச் சித்திரையிலும் போய் வந்தார்கள். யாருடைய காரிலும் அட்டை இல்லை. பரிசும் இல்லை. வரும் வழியில், மலை இறங்கி முடிகிற இடத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். மழை தூறத் தொடங்கியது. கனகரெத்தினம் அண்ணன் தன் காரின் டயரை உதைத்துப் பார்த்து, “கொஞ்சம் காத்துக் குறைவு, அடிச்சிட்டு வாறன்” என்றார். வானுக்கும் டீசல் அடிக்க வேண்டியிருந்தது.

மீராசா காக்கா வானத்தைப் பார்த்தார். பிறகு சீற்றுக்குப் பின்னால் மடித்துக் கிடந்த கன்வஸை இழுத்தார். மடிப்பெல்லாம் விறைத்துப் போயிருந்தது. “ஒரு பக்கம் புடிங்க தங்கச்சி” என்றார். பிடித்தேன். ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். என் தையல் ஒன்றும் விடவில்லை. பின்னால் இருந்த கார்களும் நாங்களும் அவருக்கு மறைந்துபோனோம். பல்கீஸ் ராத்தா என்னைப் பார்த்தா.

அவர் காருக்குள் குனிந்து ஏறி, தலையை வெளியே நீட்டினார்.

“நான் முன்னால போறன். நீங்க ஆறுதலா வாங்க.”