ஒரே வீட்டில் இரண்டு ரிட்டர்ன்

சம்பளக் கமிஷன் நிலுவை மொத்தமாகக் கைக்கு வந்த வருடம், நானும் என் கணவரும் ஒன்றாக வருமான வரிக்குள் போய் விழுந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். அவர் ராஜபாளையத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். வரி என்றால் ஊரே முகம் சுளிக்கும். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலேயே ஸ்டாஃப் ரூமில், "இந்த வருஷம் நான் ரிட்டர்ன் போடணும்" என்று நாலு தடவை சொல்லிவிட்டேன்.

படிவத்தை நிரப்புவதில்தான் சண்டை வந்தது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். விவரம் சொன்னால் படிவம் முழுக்க அச்சடித்தே தருவார்களாம்.

"நான் அங்கதான் அடிக்கப் போறேன்" என்றேன்.

"ஏட்டி, கையெழுத்து நல்லாருக்கவன் வீட்டுல இருக்கப்ப மிஷின் எதுக்கு? செத்த உக்காரு, ரெண்டையும் நானே எழுதுதேன்."

"உங்களுத நீங்க எழுதுங்க. எனக்குக் கம்ப்யூட்டர்தான்."

அவர் எழுத்து அழகுதான். ஆபீஸில் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். புது மசி நிரப்பி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினார். நான் அந்த சென்டரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி குளிரில் உட்கார்ந்து, விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரிண்டர் கிரீச்சென்று கத்திக்கொண்டே தாளைத் துப்பியது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அந்தத் தாளை, மடங்கிவிடுமோ என்று பயந்து பஸ்ஸில் இரு கைகளிலும் ஏந்தியபடி வந்தேன்.

ஆடிப்பூரத் தேரன்று எங்கள் இருவருக்கும் உள்ளூர் விடுமுறை. மத்திய அரசின் வரி ஆபீஸுக்கு அது கிடையாது. ஊர்சனம் எல்லாம் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வர, நாங்கள் மட்டும் காலி பஸ்ஸில் ராஜபாளையம் போனோம்.

கவுன்ட்டரில் இருந்தவர் முதலில் என் கணவருடைய படிவத்தை வாங்கினார்.

"யாரு எழுதுனது? முத்து முத்தால்லா இருக்கு!"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"எல்லாம் சரி. கையெழுத்து எங்க சார்?"

அம்புட்டு அழகாக எழுதியவர் கையெழுத்தை மட்டும் போடவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அதற்குள் கவுன்ட்டர்காரர் என் தாளை எடுத்து, மேலும் கீழும் பார்த்து, என்னையும் பார்த்தார்.

"அம்மா, இது உங்களுதுதானா? ஆம்பளைன்னு அடிச்சிருக்கே."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். என் கணவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு கடைக்காரர், "வரி கட்டுததுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன! வாங்கிப் போடுங்க சார்" என்றார்.

"பேனாவால அடிச்சுத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. போதும்" என்றார் கவுன்ட்டர்காரர்.

என்னிடம் பேனா இல்லை. என் கணவர் முதலில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு, அவசரமே இல்லாமல் மூடியைத் திருகி மூடி, பேனாவை என்னிடம் நீட்டினார். "கம்ப்யூட்டருக்கும் பேனாதான் வேண்டியிருக்கு, பாத்தியா?"

"மிஷின் கையெழுத்துப் போட மறக்கலையே!" என்றேன். அச்சடித்தவர்கள் அதற்கு இடம் விட்டிருந்தார்கள்; நானும் வீட்டிலேயே போட்டிருந்தேன்.

இரண்டு தாளிலும் டொம், டொம்மென்று முத்திரை விழுந்தது. எது உசத்தி என்று கவுன்ட்டர்காரரிடமே கேட்டுவிட்டேன்.

"ரெண்டும் ஒரே கட்டுலதாம்மா போவும்" என்றார்.

திரும்பும்போது கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். "சார், பாத்து வாங்க சார்" என்று மடவார் வளாகம் கோயில் வரை என் கணவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. மறு வருடமும் அவர் பேனாவால்தான் எழுதினார்; நான் அதே சென்டருக்குத்தான் போனேன்.