நான் விட்டுவிட்ட கவிதைகள்

உருது எனக்குப் படிக்கவும் வராது, எழுதவும் வராது. ஆனாலும் ஒரு உருதுக் கவிஞரைத் தமிழில் அறிமுகம் செய்ய நானாகவே முன்வந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருப்பவர் அவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை நடத்தும் கூட்டத்துக்கு அவரை அழைக்கலாம் என்று சொன்னவனும் நான்தான்.

ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். டீச்சர் ஒரு வரியை உருதுவில் வாசித்துவிட்டுத் தமிழில் பொருள் சொல்வார், நான் என் நோட்டில் எழுதிக்கொள்வேன். என்னென்னவோ எழுதியிருந்தார். தண்ணி லாரி வரும்போது நடக்கும் சண்டை. பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசத் தெரியாத கணவர். தீராத முட்டிவலி. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்றதும் "ஏன் டீச்சர்?" என்று கேட்ட மாணவி. கடவுளிடம் கோபித்துக்கொண்டு ஒன்று. இவற்றோடு ஊரை விட்டுப் போன உறவினர்கள் பற்றி இரண்டு, கலவரம் பற்றி ஒன்று, பர்தா பற்றி ஒன்று.

கூட்டத்துக்கு நான் எடுத்துப்போனது கடைசியாகச் சொன்ன நான்கை மட்டும்தான். டீச்சரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"ஒரு சமூகத்தின் கண்ணீர் இவர் கவிதை" என்று ஆரம்பித்துக் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

டீச்சர் மைக்கை வாங்கினார். "தம்பி நல்லா வாசிச்சார். ஆனா அழுதுகிட்டே இருந்திருந்தா நான் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா?" என்றார். பிறகு, மீன் கவிதையை மனப்பாடமாகச் சொல்லிப் பொருளும் சொன்னார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, "பாவம், வெயில்ல உக்காந்துகினு கீது" என்று மீன்காரம்மாவுக்காக மனைவியிடமே வாதாடும் கணவர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கணவர் இறந்த பிறகு எழுதியது என்று அவர் கடைசியில் சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் மாலை மன்னிப்புக் கேட்கப் போனேன். டீ கொடுத்தார்.

"நீங்க படிச்சதும் நான் எழுதினதுதான். அதுல தப்பில்ல. ஆனா மீன் கவிதைக்கு அன்னிக்கு இங்க உக்காந்து எவ்ளோ சிரிச்சீங்க. அப்புறம் ஏன் தம்பி விட்டுட்டீங்க?"

"நேரம் பத்தாதுன்னு நெனச்சேன், டீச்சர்."

பொய். மீனையும் முட்டிவலியையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு ஒரு முஸ்லிம் கவிஞர் எதற்கு என்று நினைத்திருந்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் இல்லை. அவருக்குப் புரிந்திருக்கும். மேற்கொண்டு கேட்கவில்லை. கிளம்பும்போது, "அந்த நோட்டை ஒருதரம் கொடுத்து அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். திரும்பி வரவில்லை.

போன வருஷம் தமிழில் அவர் புத்தகம் வந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை. தி.நகரில் ஒரு கடையில் வாங்கி, அங்கேயே நின்று பாதி படித்தேன். படித்தவற்றில் பாதியை நான் கேட்டதே இல்லை.

லிஃப்ட்டில் பார்த்தால் இன்றைக்கும் சிரிக்கிறார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிறார். கவிதையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. புத்தகம் படித்தேன் என்று நானும் இதுவரை சொல்லவில்லை.