இரண்டு பூட்டன்மாருக்கும் தகப்பன் ஒருவரா?

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து இரண்டு கிழமை கூட ஆகவில்லை. பிரெஞ்சு பேசுகிற கெபெக்கில் இருக்கிற எனக்கு டொரொன்டோவிலிருந்து மச்சாள் ஃபோன் எடுத்தாள். அப்பாவோடு கூடப்பிறந்த மாமியின் மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் ஆட்களில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் கறியைக் கிண்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

“மச்சான், பெடியன்ரை தேப்பன் எங்கடை ஊரெல்லோ?”

“ஓம்.”

“கோயிலுக்குப் பின்பக்கத்து ஆக்களோ?”

“ஓம். ஏன் கேக்கிறியள்?”

“அட கடவுளே! அந்தாளின்ரை பூட்டனும் எங்கடை பூட்டனும் சகோதரமெல்லோ. அப்ப பெடியனும் பெட்டையும் அண்ணன் தங்கச்சி. விசாரிக்காமலே ஓமெண்டு சொல்லிப்போட்டியோ?”

இரண்டு பூட்டன்மாரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்றால், ஆண்வழியில் இறங்கி வந்த நானும் மாப்பிள்ளையின் தகப்பனும் சகோதர முறை. நான் பெடியனுக்கு மாமா இல்லை, பெரியப்பா. பெரியப்பாவின் மகளைக் கட்டுவது எங்கள் ஆட்களிடம் வாயால் சொல்லவே கூசுகிற காரியம். அன்று மாலை செபமாலையில் எத்தனையாவது தேவ இரகசியத்தில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மனைவி இரண்டு தடவை திருத்தினாள்.

இது எங்கள் வீட்டுக்குள் கிடந்திருந்தால் எப்படியோ சமாளித்திருப்பேன். ஆனால் மச்சாள் எனக்குச் சொல்லுமுன்பே இன்னும் மூன்று வீட்டுக்குச் சொல்லி முடித்திருந்தாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். அவர் புருஷனை இழந்தவர். கர்க்லாண்டில் பெரிய மகனோடு இருக்கிறார். அழுத முகம்.

“அண்ணை, நான் பிள்ளையளைப் பிரிக்கிற ஆளில்லை. ஆனால் இவர் நாப்பத்தாறு வயசிலை போனவர். இன்னொரு பாவத்தை வீட்டுக்குள்ளை எடுக்க எனக்குத் துணிவில்லை. சகோதரமில்லை எண்டு ஒரு கடதாசி காட்டுங்கோ. தவக்காலத்துக்கு முதல் காட்டினியளெண்டால் உயிர்த்த ஞாயிறு கழிய வைப்பம். இல்லாட்டி இதோடை விடுவம்.”

அது இலையுதிர் காலம். தவக்காலத்துக்கு நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு கடதாசிதானே, எடுத்துவிடலாம் என்று நம்பினேன்.

முதலில் எங்கள் சாமியாரிடம் போனேன். அவர் விரல் மடித்துத் தலைமுறையை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “திருச்சபைச் சட்டத்திலை இந்தளவு தூரத்துக்குத் தடையே இல்லை. நாளைக்கே கட்டி வைக்கலாம்.” அதை அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். “சபை விடும் அண்ணை. சனம் விடுமோ?” கடவுளின் வீட்டில் திறந்திருக்கிற கதவை ஊர் மூடி வைத்திருப்பது எனக்கு நெஞ்செரிச்சலாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது.

மகள் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அவளுக்குப் பயம் இல்லை, கோபம்தான். “அப்பா, நூறு வருசத்துக்கு முதல் செத்த ரெண்டு பேர் வந்து என்ரை கலியாணத்தை நிப்பாட்டுவினமோ?” என்று கேட்டுவிட்டு, மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு விளங்காத பகுதிதான் கடுமையான பகுதி என்று தெரியும். பெடியனும் பாவம். என்னை மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தவன், மாமாவா பெரியப்பாவா என்று தெரியாமல் ‘அங்கிள்’ என்று மாற்றிக்கொண்டான்.

ஊரில் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன் இப்போது கோயில் மூப்பர். கோயில் சாவியும் புத்தகங்களும் அவன் பொறுப்பில். சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதை திறந்திருந்தது, ஃபோனும் வேலை செய்தது. சனிக்கிழமை காலையில் எடுத்தால் அங்கே பின்னேரம். சந்திக் கடை டெப்பனரில் ஃபோன் கார்ட் வாங்கி, நம்பரைச் சுரண்டி எடுத்தேன்.

“ஞானஸ்நானப் புத்தகம் இல்லையடா,” என்றான். “முதல் இடப்பெயர்வுக்கு நான்தான் சைக்கிளிலை கட்டிக்கொண்டு போனனான். ரெண்டாவதுக்குக் கொண்டு போக ஏலேல்லை. திரும்பி வர அந்த அலுமாரியே இல்லை.”

“ஒண்டுமே மிஞ்சேல்லையோ?”

“பழைய கலியாணப் புத்தகம் ஒண்டு கிடக்கு. லத்தீனோ பிரெஞ்சோ, ஆருக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சாமிமார் எழுதினது.”

“அதிலை ரெண்டு பூட்டன்மாரின்ரை கலியாணமும் இருக்கோ எண்டு பார்.”

“பேரைச் சொல்லு.”

அங்கேதான் முட்டியது. எங்கள் ஊரில் மூத்த ஆண் பிள்ளைக்குக் கோயில் பாதுகாவலரின் பெயர் வைப்பது வழக்கம். பிள்ளை செத்துப்போனால் அடுத்த பிள்ளைக்கும் அதே பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். ஆகவே என் பூட்டனின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் ஒன்று. மாப்பிள்ளை வீட்டுப் பூட்டனுக்கும் அதே தகப்பன் பெயர். நான் சொல்லச் சொல்ல மூப்பர் சிரித்தான்.

“டேய், இந்தப் புத்தகத்திலை பாதிப் பேருக்கு இதுதான் பேர். என்ரை பூட்டனும் இதுதான். அப்ப நானும் உனக்குச் சகோதரமோ?”

கார்ட் முடிந்தது.

அந்த மாதங்களில் எனக்கு இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. நாங்கள் பூசை வைக்கிற கோயில் பிரெஞ்சுக்காரருடையது. அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம். கீழ் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கெபெக்காரர். நான் பழைய பதிவு தேடுகிறேன் என்று எப்படியோ கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு ஒரு பெரிய சுருளைக் கொண்டு வந்து மண்டப மேசையில் விரித்தார். அவருடைய வம்சம். பதினொரு தலைமுறை. எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கோயிலில் கட்டினார்கள், பெண்ணின் தாய் யார், அவளுடைய தாய் யார், எல்லாம் சதுரம் சதுரமாக இருந்தது. ஒரே சோடி இரண்டு இடத்தில் வந்தது. விரலால் தட்டிக் காட்டினார்.

“மச்சானும் மச்சாளும் கட்டினார்கள்,” என்று சொல்லிச் சிரித்தார். “அதனால் நான் எனக்கே சொந்தக்காரன்.”

அவருக்கு அது பகிடி. பிறகு என்னைப் பார்த்து, உனக்கு எத்தனை தலைமுறை தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் மூன்று என்றேன். மூன்றாவதிலேயே சண்டை என்பதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

தை மாதக் கடைசியில் மூப்பரின் கடித உறை வந்தது. உள்ளே நான்கு ஃபோட்டோகொப்பி. அதோடு தனியாக மடித்த ஒரு கடிதம், கோயில் முத்திரையோடு: மேற்படி இருவரும் சகோதரர் அல்லர் எனப் பதிவேட்டின்படி உறுதிப்படுத்துகிறேன். கீழே அவனுடைய கையெழுத்து. மாதாவே, முடிந்தது என்று சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வாசித்துவிட்டு, “பதிவேட்டிலை என்ன கிடக்காம்?” என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கெபெக்காரரிடம் நான்கு தாள்களையும் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தாளை மூக்கோடு ஒட்டி வைத்து வாசித்தார். லத்தீன் என்றார்; எழுதியவர் பிரான்சுக்காரர், எழுத்து தன் பாட்டியின் கோயில் எழுத்துப் போலவே இருக்கிறது என்றார். கடல் கடந்து கிடந்த எங்கள் ஊரின் கலியாணத்தை ஒரு கெபெக்காரர் எனக்கு வாசித்துக் காட்டுகிறார் என்று ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிடம் இறங்கியது.

பூட்டிமாரின் பெயரை வைத்துப் பார்த்தால், இரண்டு பூட்டன்மாரும் அதே புத்தகத்தில் இருந்தார்கள். இருவரின் தகப்பனும் இறந்துபோனவர். இருவரின் தகப்பனுக்கும் ஒரே பெயர். தாயின் பெயர் இல்லை. தொழில் இல்லை. வயது இல்லை. அந்தத் தாள்களில் ஒன்பது மாப்பிள்ளைமார். ஏழு பேரின் தகப்பனுக்கு அதே பெயர்.

“இது ஒரே ஆளா, ஏழு ஆளா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்,” என்றார். “தாயின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார். உங்கள் சாமி சோம்பேறி.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்தக் கிழமை முழுக்க அதே சாமியை நானே மனதுக்குள் திட்டியிருந்தேன். ஆனால் இன்னொருவர் சொல்ல விடமுடியவில்லை. வெயிலுக்குள் ஊர் ஊராக நடந்து வந்து, ஒரே நாளில் இத்தனை கலியாணத்தையும் கட்டிவைத்துவிட்டு, காய்ச்சலோடு அடுத்த ஊருக்குப் போன மனுஷனாக இருக்கும் என்று சொல்ல வந்தேன். “அவர் நடந்தவர், மிஸியூ. நடந்தவர்,” என்பதுதான் வாயில் வந்தது. அவர் தாளின் ஓரத்தைக் காட்டினார். உறவுக்காரர் கட்டினால் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்களாம். கொப்பியில் அந்த ஓரம் விழவில்லை.

மறுநாள் காலையிலேயே மூப்பருக்கு எடுத்தேன்.

“ஓரமோ? ஓரம் முழுக்கக் கறையான் திண்டிட்டுது. அதாலைதான் நான் கடிதம் வைச்சனான்.”

“நீ எதைப் பார்த்து எழுதினனீ?”

“உன்னைப் பார்த்துத்தான். நாலு மாசமா என்னை உயிரோடை விடுறியோ? எத்தினை பேருக்கு அகதிக் கேசுக்கெண்டு கடிதம் குடுத்தனான். ஒருத்தரும் சாகேல்லை, எல்லாரும் அங்கை கார் ஓடுகினம். முத்திரை உண்மைதானே. கொண்டுபோய்க் குடு.”

அவனை ஏசவும் முடியவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கொடுத்த கடதாசிகளில் எல்லாம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல என்னாலும் முடியாது. அப்போது உயிர் போகிற விஷயம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது மகளின் முகத்தைப் பார்த்தபோது, இதுவும் அதே போலத்தானே என்று மனம் சொன்னது.

தவக்காலம் தொடங்க ஆறு நாள் இருக்க, பாண் ஃபாக்டரியில் அரை நாள் லீவு எடுத்து, மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறிக் கர்க்லாண்டுக்குப் போனேன். கோட்டின் வலப்பக்கப் பையில் கொப்பிகள், இடப்பக்கப் பையில் முத்திரைக் கடிதம். எதை எடுப்பது என்று கதவு மணியை அடிக்கும்வரை எனக்குத் தெரியாது.

அந்தத் தாய் தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரில் இருந்தார். “கடதாசி வந்ததோ அண்ணை?”

அவர் கண்ணைப் பார்த்து அந்த முத்திரையை எடுக்க என்னால் முடியவில்லை. வலப்பக்கத்தை எடுத்து விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பெயர், ஏழு தகப்பன், இல்லாத தாய், கறையான். இடப்பக்கக் கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்து, இது பொய் என்றும் சொன்னேன்.

“அப்ப சகோதரமோ, இல்லையோ?”

“தெரியேல்லை தங்கச்சி. கடவுளறிய எனக்குத் தெரியேல்லை.”

அவர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சகோதரமெண்டு சொன்ன உங்கடை மச்சாள், அவவிட்டை என்ன கடதாசி கிடக்கு?”

நாலு மாதத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவருடைய குசினி ஃபோனிலேயே மச்சாளுக்கு எடுத்தேன். அவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினேன்.

“மச்சாள், பூட்டன்மார் சகோதரமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அம்மா.”

“மாமிக்கு ஆர் சொன்னது?”

“அவவுக்கு ஆர் சொல்லோணும்? அவவுக்குத் தெரியும்.”

“மாமி பிறக்க முதலே ரெண்டு பேரும் செத்திட்டினமே.”

“செத்தவீட்டிலை ரெண்டு குடும்பமும் ஒண்டா நிண்டவையாம். சும்மா நிப்பினமோ?”

“செத்தவீட்டிலை ஊரே ஒண்டாத்தான் நிக்கும் மச்சாள்!”

“இப்ப என்னத்துக்கு என்னிலை பாயிறாய்? நான் கேள்விப்பட்டதைச் சொன்னனான். நல்லதுக்குத்தானே சொன்னனான். அதுசரி, கலியாணம் எப்ப?”

நான் ஃபோனை வைத்தேன். அந்தத் தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முத்திரைக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“உங்களுக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. சாமியிட்டைச் சொல்லி ஓலையை வாசிக்கச் சொல்லுங்கோ அண்ணை. தெரிஞ்ச ஆள் இருந்தால் எழும்பிச் சொல்லட்டும்.”

ஓலை என்றால் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசிப்பது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கொட்டாவி வரும். இந்த மூன்று ஞாயிறும் முழங்காலில் நின்றே கேட்டேன். இரண்டாவது ஞாயிறு பின் வரிசையில் ஒருவர் எழும்பினார். நான் முன் வாங்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிள்ளையை மூத்திரம் பெய்யக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது ஞாயிறும் ஒருவரும் பேசவில்லை. சாமியார் தாளைத் திருப்பி, சனிக்கிழமை கீழ் மண்டபம் கழுவ ஆள் வேண்டும் என்று அடுத்த அறிவித்தலுக்குப் போனார்.

கலியாணம் உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் கிழமை நடந்தது. பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பேனாவை வாங்கியவுடன் சாமியாரிடம் சொன்னேன், தாய் தகப்பன் பெயரோடு பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி, ஊர், தெரு, யாருடைய மகள், தெரிந்தது எல்லாவற்றையும் எழுதுங்கோ, இனி ஒருவர் இப்படி அலையக் கூடாது என்று.

“அண்ணை,” என்றார் அவர், “இதிலை ரெண்டு கோடுதான் கிடக்கு. பின்னாலை ஃபோட்டோவுக்கு ஆக்கள் நிக்கினம். வையுங்கோ.”

வைத்தேன்.